நேமிநாத நயினாரின் மீசை

கிணற்றடியில் குடத்தின் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டித் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருக்கிறார் நேமிநாத நயினார். முடிந்ததும் துணியைப் பிழிய மாட்டார். அதைத் திருப்பிப் பிடித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியில் தங்கிய பூச்சி புழுக்களைக் கிணற்றுக்கே அனுப்பிவைப்பார். "அதுங்க வூடு அது. நாம தொரத்தக் கூடாதுபா."

திருப்பருத்திக்குன்றத்துச் சைனர். வேகவதிக் கரையோரம் ஒன்றரைக் காணி நிலம். உழும்போது தார்க்குச்சி எடுக்க மாட்டார், மாட்டிடம் பேசியே வேலை வாங்குவார். மாடுகளும் சாவகாசமாக யோசித்துத்தான் திரும்பும். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை உள்ளே போகாது. ஆனால் மனிதருக்குக் கூத்துப் பைத்தியம். பாரதக் கூத்தில் விடிய விடியப் பட்டினியோடு ஆடுவார்.

பன்னிரண்டு வருடமாகத் தருமர் வேஷம். பரசுராம வாத்தியார் வைத்திருக்கும் சட்டம் அப்படி: தடியன் பீமன், ஒல்லி கோமாளி, சைனர் தருமர். நயினார் வருடந்தவறாமல் துரியோதனனைக் கேட்பார். "எறும்புக்கு வழி வுடற ஆளு நீங்க. கதாயுதத்தத் தூக்கினா ஊரே சிரிக்கும் நயினாரே" என்பார் வாத்தியார். கூத்தில் பின்பாட்டுப் பாடும் நானும் சேர்ந்து சிரித்தவன்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தச் சித்திரையில், துரியோதனன் மாளும் படுகளத்துக்கு முதல் நாள், அந்த வேஷம் கட்டும் பழனி, டவுன் பஸ்ஸிலிருந்து குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டான். வேறு ஆளில்லை.

"ஒரே வாட்டி பாக்குறேன். சிரிப்பு வந்துச்சுன்னா தருமருதான். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் வாத்தியார்.

சாயங்காலம் புங்கமரத்தடியில் ஒத்திகை. நயினார் கரியால் மீசை வரைந்துகொண்டு வந்தார். வாத்தியார் சோதிக்கக் கொடுத்தது, தூது வந்தவனிடம் ஊசி முனை நிலமும் தர மாட்டேன் என்று சொல்லும் இடம். பழனி அங்கே தொண்டை கிழியக் கத்துவான். இவர் மிகத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். கதாயுதத்தைத் தரையில் ஊன்றியிருந்தார். கடைசி வரியில் எழுந்த உறுமலில் மத்தளக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்கருந்து வந்துச்சு நயினாரே இது?" என்றார் வாத்தியார்.

"போன ஆடியில எங்கண்ணன் என் நெலத்துக்குள்ள வரப்ப ஒரு மொழம் தள்ளி வெட்டிட்டாரு. மம்பட்டியப் புடிச்சிக்கினு, அவரு மண்டையையே பாத்துக்கினு நின்னேன் வாத்தியாரே. ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் கீழ போட்டுட்டு வந்துட்டேன். எறக்கி வெச்சவனுக்குத்தான் அது என்னா கனம்னு தெரியும்."

வாத்தியார் எழுந்தார். வேஷப் பெட்டியைத் திறந்து, துரியோதனன் கிரீடத்தை எடுத்துத் தம் கையாலேயே அவர் தலையில் வைத்தார்.

நயினார் மேற்கே பார்த்தார். பனை உயரத்துக்கு வெயில் மிச்சமிருந்தது. சாப்பிட நேரம் இருக்கிறது. கிரீடமும் மீசையுமாகக் கிணற்றடிக்குப் போய், கதாயுதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் வடிகட்டினார். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து, கிரீடம் நழுவாமல் ஒரு கையால் தாங்கியபடி, கிணற்றுக்குள் குனிந்தார்.