ஐந்து மின்விசிறிகளும் ஒரு ஹீற்றரும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு கிணறு வெட்டினேன். பாறை என்று மூன்று பேர் கைவிட்ட இடம் அது. கீழே கரையில் படகு இயந்திரப் பட்டறை ஒன்று கட்டினேன். இரண்டு தடவை எரிந்தது, ஒரு தடவை கடல் வந்து கொண்டுபோனது. மூன்று தடவையும் திரும்பக் கட்டினேன். நாலு அறையும் கூடமுமாய் ஒரு வீடு கட்டினேன். முதல் தூணுக்குக் கம்பி வளைத்தது இந்தக் கைதான். புல்மோட்டையிலிருந்து இலங்கைத்துறை வரைக்கும் கடலுக்குப் போகிற படகு இயந்திரங்களில் நான் திறந்து பார்க்காதவை குறைவு. இவ்வளவுக்கும் ஐந்தாம் வகுப்புத்தான் படித்தேன், அதிலும் கடைசி வருடம் பாதி நாள் படகு ஜெற்றியில்தான் நின்றேன். ஒரே மகனைப் படிப்பித்துக் கனடாவுக்கு அனுப்பினேன். மனைவி கண்ணை மூடியபிறகு வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன்.

நாலு வருடத்துக்கு முன்பு மகன் குடும்பத்தோடு வந்தான். பேத்திக்கு அப்போது நாலு வயது. ஒரேயொரு இரவு இங்கே படுத்தார்கள். விடிந்து பார்த்தால் பிள்ளையின் முகம் வீங்கி, கண் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குரு. என் பழைய மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் "டக்" என்று தட்டும். அந்தத் தட்டலில் அவள் கண் மூடவில்லையாம். காலைச் சாப்பாடு முடிய நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் பத்து நாளும் நான் மோட்டார் சைக்கிளில் போய், அந்த ஹோட்டல் முன்மண்டபத்துப் பிரம்புக் கதிரையில் குந்தியிருந்து பேத்தியைப் பார்த்தேன். வாசலில் நிற்கிற காவலாளி ஒவ்வொரு நாளும், "ஐயா, ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்பான். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருந்தது.

போன வருடம் மகன் தொலைபேசி எடுத்தான்.

"அப்பா, வீட்டைத் திருத்துவம். எல்லா அறைக்கும் ஏசி போடுவம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"திருத்தினா வருவியளோ?"

"வருவம்."

"வந்தா இஞ்ச நிப்பியளோ?"

"அது பிள்ளையைப் பொறுத்திருக்கப்பா" என்றான்.

அன்றைக்கு எனக்கு வேலை விளங்கிவிட்டது. கூரை ஓடு மாற்றுவதும் தரைக்கு மாபிள் பதிப்பதும் யாரும் செய்வார்கள், அதற்கு ஒப்பந்தமெடுத்த கொந்தராத்துக்காரன் இருக்கிறான். பிள்ளை உறங்கவேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏசிக்காக ஜன்னல்களுக்கு மேலேயிருந்த காற்றுத் துளைகளை அடைக்கக் கொந்தராத்துக்காரன் சீமெந்து குழைத்துக்கொண்டு வந்தான். நான் ஏணிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். கரண்ட் போனால் அடைத்த அறை பாண் சுடுகிற போறணையாகிவிடும், அதற்குள் பிள்ளையை வைத்து வேகவைக்கவா? ஒரு அறைக்கு மட்டும், மகனும் மருமகளும் படுக்கிற அறைக்கு மட்டும், ஏசி என்று முடிவாக்கினேன். மிச்சம் மூன்று அறைக்கும் கூடத்துக்கும் முன் விறாந்தைக்கும் மின்விசிறி. மகன் போனில் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன்.

மின்விசிறி வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடி அண்ணாந்து பார்ப்பார்கள். நிறம் பார்ப்பார்கள், இறக்கை மூன்றா நாலா என்று பார்ப்பார்கள், முழு வேகத்தில் விடச் சொல்லி, தலைமயிர் பறந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டு போவார்கள். முழு வேகத்தில் எந்த மின்விசிறியும் தன் குற்றத்தைக் காற்றுக்குள் ஒளித்துவிடும். ஒன்றாம் வேகத்தில் விட்டால்தான் வாய் திறக்கும். இயந்திரமும் அப்படித்தான், மெதுவாய் ஓடும்போதுதான் நோயைச் சொல்லும். அதோடு, மின்விசிறி நிற்கிறவனுக்கு இல்லை, படுக்கிறவனுக்கு.

இரண்டு கடைகளில் என்னைப் படுக்க விடவில்லை. மூன்றாவது கடை கிண்ணியாக்காரருடையது. மத்தியானம், வியாபாரம் குறைந்த நேரம். முதலாளி தேத்தண்ணி எடுக்க உள்ளே போய்த் திரும்பிவந்தபோது, நான் ஒரு மட்டைப் பெட்டியை விரித்து, தொங்கவிட்டிருந்த மின்விசிறிக்குக் கீழே நீட்டி நிமிர்ந்து கண்ணை மூடிக் கிடந்தேன்.

"என்ன ஐயா இது! வாற சனம் மய்யித்தெண்டெல்லோ நினைக்கப்போகுது!"

"செத்தவனுக்கு ஃபேன் என்னத்துக்கு முதலாளி? ஒண்டில விடுங்கோ."

"ஒண்டில விட்டாக் காத்து வராதே."

"காத்து வீட்டில இருக்கு. எனக்குச் சத்தம்தான் வேணும்."

சிரித்துக்கொண்டு விட்டார். ஒன்று முனகியது. ஒன்றுக்கு இறக்கை நடுங்கியது. ஆறாவது மின்விசிறி ஒரு சத்தமும் போடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துத்தான் சுற்றுவது தெரிந்தது. இறக்கித் திருகாணிகளைப் பார்த்தேன். துறைமுகக் காற்றில் உப்பு, மலிவான ஆணி இரண்டு மழைக்குள் கறள் பிடித்துவிடும். இது நல்ல ஆணி. அந்த ரகத்தில் ஐந்து எடுத்தேன். ஐந்தையும் தனித்தனியாகப் போடச்சொல்லி, ஐந்துக்கும் கீழே படுத்தேன். கடைசி மின்விசிறிக்குக் கீழே முதலாளி தானும் வந்து பக்கத்தில் இருந்துவிட்டார்.

"வீட்டில எத்தினை பேர் ஐயா?"

"நான்தான்."

"அஞ்சு ஃபேன்..." என்று தொடங்கியவர், எழும்பிப் போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஹீற்றர் மருமகளுக்காக. இந்த வெக்கைக்குள் சுடுதண்ணி என்னத்துக்கு என்று மகனிடம் கேட்டேன். "பழக்கம் அப்பா" என்றான். நானறிந்து சுடுதண்ணியில் குளித்தது ஒரே ஒரு தரம். மனைவியின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியாவுக்குப் போய், அங்கே தரைக்குள்ளிருந்து தானாகச் சுட்டு வருகிற தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றியது. ஆனாலும் படித்துக்கொண்டேன். உடனே சுடவைக்கிற சின்னப் பெட்டி, தண்ணீர் வேகமாக வந்தால்தான் வேலை செய்யும் என்று தெரிந்து, தண்ணீர்த் தாங்கியை நாலடி உயர்த்தினேன். என் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கேத்தலில் வெள்ளையாய்ப் படியும். அது ஹீற்றரைத் தின்றுவிடும் என்று குழாய்த் தண்ணீரை அந்தத் தாங்கிக்குத் தனியாக இழுத்தேன்.

வயரிங் வேலைக்கு வந்த பாஸ் பாலையூற்றுக்காரர். நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரக்காரர். பழைய வயரிங்கில் எர்த் ஒழுங்காக இல்லை. இருக்கிறதே போதும் என்றார்.

"ஏலாது. ஈரக் கையோட பிள்ளை பிடிக்கிற சாமான். புது எர்த் கம்பி அடிக்கவேணும், ட்ரிப் சுவிச்சும் புதிசு வேணும்."

"ஐயா படிச்ச எஞ்சினியர் மாதிரியெல்லோ கதைக்கிறீங்கள்!"

"படிச்சிருந்தா உங்களை ஏன் கூப்பிடுறன்?"

பாறைக்குள் கம்பி இறங்கவில்லை. அவர் சாப்பிடப் போன நேரம், நானே பாறை முடிகிற இடத்தைத் தேடி, கிணற்றுப் பக்கத்து ஈர மண்ணில் சம்மட்டியால் அடித்து இறக்கினேன். எழுபத்திரண்டு வயதில்.

பூட்டி முடிந்ததும் ஹீற்றரை யாராவது சோதித்துப் பார்க்க வேண்டுமே. நான்தான் நின்றேன். சுடுதண்ணி முதுகில் விழுந்தது. நல்லாயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், கதவுக்கு வெளியே ஆளில்லை. வேண்டியதற்கு மேல் நேரம் நின்றுவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மின்விசிறிகளையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டுக் கூடத்தில் இருந்தேன். சத்தமே இல்லை. பழைய மின்விசிறியின் தட்டலோடு ஏழு வருடம் தனியாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனைவி போனபிறகு இந்த வீட்டில் எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். பிறகு, குசினிக்குள் புதுப் பிரிஜ் உறுமத் தொடங்கியது. எழும்பிப் போய் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டேன்.

ஆடி மாதம் வந்தார்கள். பேத்திக்கு எட்டு வயது. முதல் இரவு தாய் தகப்பனோடு ஏசி அறையில் படுத்தாள். விடிய நான் கூடத்துக்கு வந்து பார்த்தால், மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். ஏழு மணி, எட்டு மணி, அசையவில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். ஒன்பது மணிக்குக் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் பிள்ளை இஞ்ச வந்தனீ?"

"கனடாவிலயும் குளிர், இங்கயும் குளிரா அப்பப்பா?" என்றாள்.

பதினொரு நாள் அந்தப் பாயில்தான் படுத்தாள். பகலிலும் விழுந்து உறங்கினாள். கழுத்தில் ஒரு வேர்க்குருவும் இல்லை. "மாமா, தண்ணி நல்ல பதம்" என்று மருமகள் ஒரு தரம் சொன்னாள். ஹோட்டல் என்ற கதையை யாரும் எடுக்கவில்லை.

போகிற அன்று மகன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, கனடாவிலுள்ள சிநேகிதர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினான். நான் பயணப் பையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏசி போட்டதாலதான் பிள்ளை நிண்டது. இல்லாட்டி ஹோட்டல்தான் மச்சான்."

"ஆரடாப்பா நிண்டு செய்விச்சது?" என்று அங்கேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொந்தராத்துக்குக் குடுத்தது. பிளான் எல்லாம் நான்தான் இங்கயிருந்து பாத்தனான்" என்றான். "இங்கயிருந்து" என்று அவன் சொன்னது கனடாவை.

நான் பையைக் கட்டி முடித்தேன். வான் வந்தது. பிள்ளையின் முன்னால் கதைக்கக்கூடாது என்று பேசாமல் விட்டேன். பாயைச் சுருட்டி வைத்தேன், ஐந்து சுவிச்சையும் அணைத்தேன். அதற்கு இரண்டு மாதமாகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

மகனே, நீ செலவழித்தாய், அதை நான் எங்கேயும் மறைத்துச் சொன்னதில்லை. ஏசி உன்னுடையது. கொந்தராத்துக்காரனுக்கு அவனுடைய மாபிளைக் கொடு. ஆனால் உன் பிள்ளை இந்த வீட்டில் பதினொரு நாள் உறங்கியது என் வேலை. அதற்காகக் கடைத் தரையில் படுத்தவன் நான். நீ முதலில் அந்தச் சிநேகிதர்களுக்கு அழைப்பெடு. ஒருவர் விடாமல் சொல்லு: ஃபேனைத் தெரிந்தெடுத்தது அப்பா, ஹீற்றருக்கு எர்த் அடித்தது அப்பா, பிள்ளையை நிற்கவைத்தது அப்பா. சொல்லி முடித்துவிட்டு எனக்கு எடு.