மீன் எண்ணெய் தடவிய துருத்தி

சாலமோன் ஐயா ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து செங்கம்மாளுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. வலி புதிது இல்லை. தம்பி முனிகிருஷ்ணனுக்கு எட்டு வருடமாகத் துருத்தி மிதித்து வந்த வலி. முடிவு தெரியப்போகிறது என்றதும், அதுவரை பொறுத்துக் கிடந்த கால் இனிமேல் முடியாது என்று முரண்டு பிடித்தது.

மீஞ்சூர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், முனிகிருஷ்ணன் தன் கையாலேயே செய்த பைப் ஆர்கன், துருத்திக் காற்றில் குழல்கள் பாடுகிற வாத்தியம், நின்றது. பட்டணத்தில் ஆர்கன் பழுதுபார்க்கிற சாலமோன் ஐயா அதைப் பார்த்துத் தேறும் என்றால் வைத்துக்கொள்வது, தேறாது என்றால் பிரித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவது. அப்படித்தான் முனிகிருஷ்ணன் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன் அவன். அதுதான் செங்கம்மாளின் பயம். போட்டுவிட்டால் அவளுடைய காலுக்கு விடுதலை. ஆனால் போட்டுவிட்ட பிறகு அவன் என்ன ஆவான் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். அப்பா ஏரியில் வலை போட்டவர். அவர் போனபோது செங்கம்மாள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அதோடு நின்று கருவாடு விற்கப் போனாள். தம்பியை நிற்க விடவில்லை. அவன் பள்ளி முடித்து, ஃபிட்டர் வேலை கற்று, எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அவர்கள் வம்சத்தில் காலையில் வலைக்குப் பதிலாகச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். கல்யாணமாகி மீஞ்சூரில் வீடு எடுத்தபோது அக்காவையும் கூட்டி வந்துவிட்டான்.

அறுபத்து மூன்றாம் வருடம் பட்டணத்தில் ஒரு பழைய கோயிலுக்கு, மாதா கோயில் மாதிரிப் பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்கு, மோட்டார் மாட்ட அவனை அனுப்பினார்கள். ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற மோட்டார். மாட்டி முடித்ததும் சரிபார்க்க ஒருவர் ஆர்கன் கட்டைகளை அழுத்தினார். முனிகிருஷ்ணன் கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றுவிட்டானாம். காதில் கேட்கவில்லை அக்கா, நெஞ்சில் கேட்டது என்றான் வீட்டுக்கு வந்து. அன்றைக்கு அங்கே ஆர்கனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்தான் சாலமோன் ஐயா. எதையும் தொடாமல் பார்ப்பதானால் பார் என்று இவனை உள்ளே விட்டிருக்கிறார்.

அதன் பிறகு வீட்டுக்குப் பலகையாக வந்து இறங்கியது. சீமை மெஷின்கள் வந்த பெட்டிகளை உடைத்த பலகை. மூர் மார்க்கெட்டில் ஓர் உடைந்த ஆர்மோனியம் கிடைத்தது, அதன் கட்டைகளைக் கழற்றி வைத்துக்கொண்டான். ஷிப்ட் முடிந்து வந்து இழைப்பான். நாலு பலகையைச் சேர்த்து ஒட்டி ஒரு குழல் செய்தால், ஒட்டின இடம் எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. செங்கம்மாள் தடவிப் பார்த்திருக்கிறாள்.

வேலை செய்கிற விதம் சுலபம்தான். துருத்தியை மிதித்தால் காற்று ஒரு பெட்டியில் போய் நிற்கும். ஒரு கட்டையை அழுத்தினால் பெட்டிக்குள் தோல் ஒட்டிய ஒரு சின்ன மூடி திறக்கும். காற்று அதற்கு மேலே உள்ள குழலில் ஏறும், குழல் பாடும். விரலை எடுத்தால் மூடி மூடிக்கொள்ளும், குழல் நிற்கும்.

நிற்கத்தான் இல்லை. யாரும் தொடாதபோதே நாலைந்து குழல்கள் முனகிக்கொண்டிருந்தன. தொட்டால், பாட வேண்டிய குழல் பலவீனமாக மூச்சு வாங்கியது. காற்று போதவில்லை என்று முனிகிருஷ்ணன் இரண்டாவது துருத்தி செய்தான். பிறகு மூன்றாவது. அப்போதும் போதவில்லை என்று ஒவ்வொரு குழலின் அடித்துளையையும் அரத்தால் ராவிப் பெரிதாக்கினான். செங்கம்மாள் மூன்று துருத்தியையும் மாறி மாறி மிதித்தாள். இடையிடையே பூனைகள் புகுந்து துருத்தித் தோலைக் கடித்துக் கிழித்துவிடும். அவன் ஒட்டுப்போடுவான்.

"அண்ணி, மீஞ்சூர்ல கீற பூனையெல்லாம் நம்மூட்டுக்குத்தான் பாட்டு கேக்க வருது. மனுசன்தான் ஒருத்தனும் வரமாட்டேன்றான்" என்பாள் எல்லம்மா, முனிகிருஷ்ணனின் மனைவி. அவன் சிரிக்க மாட்டான். முதலில் சிரித்தவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானப் பாசஞ்சரில் சாலமோன் ஐயா வந்து இறங்கினார். முகத்தில் அயர்ச்சி, கையில் குடை, ஒரு துணிப்பை. அன்று காலைகூட ஏதோ கோயிலில் ஏணி ஏறி இறங்கி வந்திருந்தார். எல்லம்மா கொடுத்த டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தன்னை இப்படி வீட்டுக்கு அழைத்தவர்கள் பலர் என்றும், போய்ப் பார்த்தால் பாதியில் விட்ட மரக்குவியல்தான் இருக்கும் என்றும், இனிமேல் யார் கூப்பிட்டாலும் போவதில்லை என்று நினைத்திருந்ததாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

கொட்டகையில் முனிகிருஷ்ணன் கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தான். செங்கம்மாள் புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு துருத்திக்குப் போனாள். அவன் ஏழு சுரத்தை ஏற்றி முடிப்பதற்குள் சாலமோன் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். ஆர்கனைப் பார்க்கவில்லை. செங்கம்மாளைப் பார்த்தார்.

"நீங்கதான் மிதிக்கிறதாம்மா? தம்பி விரலே வைக்காதப்போ எப்படிக்கீது? துருத்தி காலுக்கடியில நிக்குதா, எறங்கிக்கினே இருக்குதா?"

"எறங்கிக்கினேதான் இருக்கும் ஐயா. நின்னதேயில்ல."

அவர் தலையாட்டினார். ஒரு குழலைக் கழற்றி, அடித்துளையைப் பாதி விரலால் மூடி, வாயை வைத்து மெல்ல ஊதினார். குழந்தைக்குச் சோற்றின் சூடு ஆற்றுகிற மாதிரியான ஊதல்தான். குழல் பாடியது. உருண்டையான, சுத்தமான ஒரு சத்தம். எட்டு வருடத்தில் அந்தக் கொட்டகையில் அப்படி ஒன்று கேட்டதில்லை. வாசலில் நின்ற எல்லம்மாகூட உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பிறகு காற்றுப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு மூடியின் தோலை நகத்தால் அழுத்தினார். விரலை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாப்பா இது, எண்ணெய்?"

"மீன் எண்ணெய் ஐயா. எங்க நைனா படகுக்கு இதைத்தான் பூசுவாரு. பூச்சி வராது, தோலு காயாது. மாசாமாசம் பூசிடுவேன்."

சாலமோன் ஐயா ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். தோல் எண்ணெயில் ஊறி ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது, மூடி எப்படி மூடும் என்று கேட்டார். துருத்தி முழுக்க அதே தோல், மடிப்புக்கு மடிப்பு காற்று கசிகிறது. இரண்டு துருத்திக் காற்று போகிற வழியில் போய்விடுகிறது. மிச்சம் ஒன்றுதான் குழலுக்கு வருகிறது.

"எல்லாரும் எங்கிட்ட குழலைப் பத்திதான் கேப்பாங்க. காத்தைப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான். உன் குழல் நல்லாக்கீதுப்பா. நோவு இல்லாத புள்ளைக்கு இத்தனை வருசமா வைத்தியம் பண்ணிக்கீறே."

தோல் முழுவதையும் உரித்துவிட வேண்டும். எண்ணெய் காட்டாத வெள்ளாட்டுத் தோல் ஒட்ட வேண்டும், மரத்தில் ஊறின எண்ணெயையும் சுரண்டி எடுக்க வேண்டும். காற்று சரியானால் பெரிதாக்கின துளைகளில் குழல்கள் கீச்சென்று கத்தும். அதற்கு மேலும் ராவக்கூடாது. சின்ன மர ஆப்பு செருகித் துளையைக் குறைக்கலாம். ஒவ்வொரு குழலையும் முதலில் வாயால் ஊதிக் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். புதுக் குழல் ஒன்றுகூடச் செய்யக்கூடாது. இவ்வளவையும் அவர் மெதுவாக, நடுநடுவே மூச்சு விட்டுச் சொன்னார். தான் இன்னொரு தரம் வர மாட்டேன் என்பதையும் சொன்னார்.

முனிகிருஷ்ணன் திறந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் எண்ணெய். அவர் படகைத் தடவின அதே பொறுமையோடு அவனும் தடவியிருந்தான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றான். "ஒடைச்சிடலாமா ஐயா?"

"மிதிக்கிறது நான் இல்லியே. அவங்களைக் கேளு."

இந்த எட்டு வருடத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் கேட்கட்டும் என்று இருந்ததில்லை. தம்பி கூப்பிடுவான், போய் மிதிப்பாள், அவ்வளவுதான். இப்போது மூன்று பேரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கால் அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால் அந்தக் குழலின் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அதைச் செய்தவன் அவள் தம்பி.

"தோலு மாத்திட்டா எத்தினி துருத்தி வேணும் ஐயா?"

"ஒண்ணு போதும்மா. அதுவும் சும்மா உக்காந்துகினு ஒரு கால்ல மிதிக்கலாம்."

செங்கம்மாள் தம்பியைப் பார்த்தாள்.

"அப்போ மீதி ரெண்டையும் அடுப்புல போடுடா முனி. ஒண்ணுக்கு மட்டும் தோலு வாங்கியா."

சாயங்கால வண்டிக்குச் சாலமோன் ஐயாவை அனுப்பிவிட்டு வந்தவன், சொன்னபடியே இரண்டு துருத்திகளையும் பிரித்து வெந்நீர் அடுப்பில் வைத்தான். தெரு முழுக்க மீன் நாற்றம். பக்கத்து வீட்டில் இன்னா குழம்பு என்று கேட்டார்கள். எங்க அண்ணி கால் குழம்பு என்று எல்லம்மா பதில் சொன்னாள். பூனைகள் அடுப்பைச் சுற்றி வந்து, ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தன.

துருத்திகள் போன இடம் கொட்டகையில் காலியாகக் கிடந்தது. செங்கம்மாள் ஒரு பாயை விரித்து அதில் படுத்து, இரண்டு காலையும் நீட்டினாள். சற்றுத் தள்ளி முனிகிருஷ்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழல்களை ஒவ்வொன்றாக எடுத்து, துளையைப் பாதி விரலால் மூடி, அவர் ஊதின மாதிரியே மெல்ல ஊதிக்கொண்டிருந்தான். சில பாடின. சில கீச்சிட்டன, அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தான். பாடுகிற குழல்கள் அடுக்கிய பக்கம்தான் உயர்ந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்தபடியே அவள் தூங்கிப்போனாள்.