பலகைக்காரரைப் படம் பிடித்த பெரியவர்

எங்கள் தளத்தில் அவருக்குப் பலகைக்காரர் என்றுதான் பெயர். தடை செய்த வான்பகுதிக்குள் வழி தப்பிய குட்டி விமானம் நுழைந்து, ரேடியோவில் கூப்பிட்டும் பதில் வராவிட்டால், ஹெலிகாப்டர் அதன் பக்கத்தில் போய்ச் சேரும். இவர் கதவைத் திறந்து, 'திரும்பு' என்று விளக்கெழுத்து ஒளிரும் பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பல வருடமாக இதே வேலை. வலது தோள் தேய்ந்துவிட்டது.

"நான் வானத்துல திருடனப் புடிக்கிறதா என் மச்சினன் ஊரெல்லாம் பீத்திக்கிறான். எனக்கு வாய்ச்சதெல்லாம் கையாட்டுற ஆளுங்கதான் தம்பி" என்பார் என்னிடம். நிஜம்தான். நாங்கள் ஏதோ துணைக்கு வந்ததாக நினைத்துப் பலரும் சிரித்துக் கையாட்டுவார்கள்.

அன்று மதியம் டிபன் டப்பாவைத் திறக்கப் போனபோது மணி அடித்தது. பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பினார். கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் அவர்கள் பேச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விமானத்தில் ஒரே ஒரு பெரியவர். பலகையைப் பார்த்துக் கையாட்டினார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"யோவ், உன்னப் போட்டோ எடுக்கிறான்யா. தல சீவிட்டு வந்தியா?" என்றார் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்.

பலகைக்காரர் சிரிக்கவில்லை. எதிரே ஆற்றுப் பாலம் தெரிந்துவிட்டது. அதைத் தாண்டினால் ஹெலிகாப்டர் ஒதுங்கிவிட வேண்டும். அப்புறம் அந்த விமானத்துக்கு யாரும் பலகை காட்ட மாட்டார்கள், சுட்டுத் தள்ளிவிடுவார்கள்.

"ஒதுங்கச் சொல்றாங்கய்யா."

"பாலம் வரைக்கும் நம்ம பொறுப்பு சார். இன்னும் கொஞ்சம் ஒட்டிப் போங்க."

ஒட்டிப் போனார்கள். காற்று பலகையைப் பிடுங்கியது. தோளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். பெரியவரோ குனிந்து, போனில் எதையோ இரண்டு விரலால் விரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்தார். பாலத்துக்கு முன்னால் விமானம் சரிந்து திரும்பியது.

எங்கள் தளத்தில் இறக்கி விசாரித்தார்கள். தூரத்தைப் பார்க்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"வெளக்கு தெரிஞ்சுது, எழுத்து தெரியல. ஏதோ விளம்பரமாக்கும்னு பேத்திக்குக் காட்டப் படம் எடுத்தேன். பெருசாக்கிப் பாத்தா... 'திரும்பு'ன்னு இருக்கு. அப்பவே திருப்பிட்டேன்ப்பா."

பலகைக்காரர் திட்டவில்லை. போனை வாங்கிப் பார்த்தார். பலகைக்குப் பின்னால், வாய் கோணி, கண் பிதுங்கி, அவர் முகம்.

"பேத்திக்கு அனுப்பாதீங்க பெரியவரே. புள்ள பயந்துக்கும்."

அறைக்கு வந்து டப்பாவை எடுத்தார். வலது கை எழும்பவே இல்லை. நான் திறந்து கொடுத்தேன். இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிடத் தொடங்கினார்.