நுரையோடு நின்ற கார்

மலேசியாவின் ஈப்போவில், நாமே கார் கழுவிக்கொள்ளும் கடையில் நுரையடித்து முடித்திருந்தேன். தண்ணீர் பட்டன் அமுங்கவே இல்லை. மாமனாரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நேரம். வெயிலில் நுரை காயத் தொடங்கியது.

பட்டன் அமுங்கவில்லை என்று போன் செய்ததும், மெஷின் ரிப்பேர் செய்பவர் ஆடி அசைந்து வந்தார். தொப்பை, நெற்றி நிறையத் திருநீறு. ஸ்குரூடிரைவர் முனையைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினார். எந்த மெஷினையும் அப்படிக் கேட்காமல் அவர் தொடமாட்டார். ஓடாத பம்பில் என்ன கேட்டதோ!

“பம்ப் ரோசாக் இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு. பட்டன்தான் அமுங்கல.”

“அதத்தானேண்ணே நானும் சொன்னேன்!”

பட்டன் இடுக்கிலிருந்து காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். “நேத்து ஆயுத பூசைக்கு நான்தான் வெச்சேன்,” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

“பட்டன்லயா வெப்பாங்க?”

“தண்ணி வாரதே இதுனாலதான்லா. இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கிறது?”

தண்ணீர் பீய்ச்சியடித்தது. நான் அவசரமாகக் கழுவி முடித்துத் திரும்பினால், அவர் இலைப் பொட்டலத்தைப் பிரித்து, அதே பட்டனில் புதுச் சந்தனத்தை அப்பிக்கொண்டிருந்தார்.

அது பக்தியா, பிழைப்பா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.