யாருடைய நெஞ்சளவு

செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பிலோமினாவுக்காகக் காத்திருந்தேன். நேரம் தவறாதவர், அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. "எங்க இருக்கீங்க? ரிப்போர்ட் இன்னிக்குப் போகணும்லா" என்று கடுப்போடு செய்தி அனுப்பினேன். அவருடைய தம்பி அழைத்தார். விடியற்காலையில் மாரடைப்பாம். நான் கடிந்துகொண்டபோது அவர் உயிரோடு இல்லை.

முனைவர் பிலோமினா செந்தூல் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். பருவநிலைக் கொள்கை, நகர வளர்ச்சி பற்றி எழுதியவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தோம். ஆள் குள்ளம், பிடிவாதம் மலையளவு.

முதல் கள ஆய்விலேயே என் மானத்தை வாங்கினார். கிள்ளானில் ஒரு ஆன்டி, வெள்ளம் நெஞ்சளவு வந்தது என்றார். நான் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிலோமினா நகரவில்லை.

"யாரு நெஞ்சு, ஆன்டி?"

ஏழு வயது மகளுடைய நெஞ்சாம். அன்றிலிருந்து எங்கள் அட்டவணையில் 'யாருக்கு' என்றொரு கட்டம் இருந்தது.

கிள்ளானில் முதலில் எங்கே வடிகால் வெட்டுவது என்பதை எங்கள் கடைசி அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். அதிகாரிகள் சிரிப்பார்கள் என்று போன வாரம் அந்தக் கட்டத்தை நீக்கி, எல்லாவற்றையும் மீட்டரில் மாற்றினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மீட்டர்ல எழுதினா எல்லாருக்கும் ஒரே தண்ணி மாதிரி இருக்கும், ராஜன். சின்னப் பிள்ளைக்கு அது ஒரே தண்ணி இல்லலா."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சண்டையை முடிக்கத்தான் செவ்வாயன்று சந்திப்பதாக இருந்தோம்.

மதியம் கிள்ளானில், அவர் தனியாக வசித்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். வாசல் சுவரில் ஒரு பென்சில் கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்தில், 'நான், நெஞ்சு.' இந்த வீட்டில் வெள்ளம் புகுந்ததே எனக்குத் தெரியாது.

"அக்கா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. ஆராய்ச்சியில சொந்தக் கதை வரக்கூடாதாம்" என்றார் தம்பி.

கோட்டின் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அது இடுப்பளவுதான். நான் நீக்கிய கட்டத்தில் 'தனியாக வசிக்கும் பெண், நெஞ்சு' என்று பெயரில்லாத ஒரு வரி இருந்தது. அது யார் என்று நான் கேட்டதே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, மீட்டரை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தை மறுபடி சேர்த்து அறிக்கையை அனுப்பினேன்.

பிலோ, நீங்கள் எழுதியபடியே அறிக்கை போய்விட்டது. உங்கள் வரியும் அதில் இருக்கிறது. போய் வாருங்கள்.