ரொட்டி வண்டிக்கு ரப்பர் போட்ட காலம்

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்துபோனது. மாற்ற வந்த மெக்கானிக் புது ரப்பரைச் சுருளிலிருந்து பிரித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் எழுந்துபோய்த் தெருக்கதவு, ஜன்னல், கொல்லைக்கதவு எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு, திறந்திருக்கிறதா என்று இன்னொரு சுற்றும் வந்தேன். "எதுக்கு இப்ப இப்படி அலையுறீங்க?" என்றாள் மனைவி. காற்றுக்காக என்றேன். உங்களிடம் மறைப்பானேன்? பயத்துக்காக.

எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டியிருந்த நாயுடுவின் மோட்டார் பட்டறையில் வேலை. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அவன் பட்டாளத்து வண்டிகள் மட்டும் போகவில்லை. அவற்றை ஏலத்தில் எடுத்து, பின்னால் தகரப் பெட்டி கட்டி, ஒரு ரொட்டிக் கம்பெனி ஓட்டிக்கொண்டிருந்தது. விடிகாலையில் திருவொற்றியூர் வரைக்கும் கடை கடையாக ரொட்டி போகும். வண்டி தெருமுனை திரும்பும்போதே மணம் வந்துவிடும். மீன், தார், கரிப்புகை எல்லாம் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். பழையது குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவன் நான்; அந்த மணத்தை மேலே தொட்டுக்கொள்வேன்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில், மணத்துக்கு முன்னால் வசவு வந்தது. பின்கதவைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து கருவாடாகி, தண்ணீர் உள்ளே புகுந்து ரொட்டியெல்லாம் களியாகிவிட்டது. வசவைக் கொண்டுவந்தவர் கம்பெனி சூப்பர்வைசர் செல்வநாயகம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"இன்னொரு தரம் ஒரு சொட்டு உள்ள வந்துச்சு, வண்டியெல்லாம் மவுண்ட் ரோட்டுப் பட்டறைக்குப் போயிரும். பாத்துக்கிடும் நாயுடு."

நாயுடுவுக்கு ரொட்டி வண்டிகளை விட்டால் வேறு பெரிய வேலை கிடையாது. எங்களுக்கு நாயுடுவை விட்டால் கிடையாது.

கதவு ரப்பர் கடையில் கிடைக்காத காலம் அது. பழைய லாரி டியூபைப் பட்டையாக அறுத்து, இரண்டாக மடித்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூசன் தடவி ஒட்டுவோம். அதைச் சோதிக்க எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. டியூபுக்குத் தடவும் வெள்ளைப் பவுடரை வண்டித் தரையில் தூவுவோம். ரப்பர் ஒட்டியவன் உள்ளே உட்கார வேண்டும். கதவைச் சாத்தி வெளியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தால் ஒழுகவில்லை. விடாமல் தட்டினால் ஒழுகுகிறது. பிறகு திறந்து பார்ப்பார்கள். பவுடரில் ஈரப் புள்ளி இருந்தால் வேலை கெட்டது.

நான் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். அது வேலையின் குறை. என் உயிருக்குத் துணை. இந்தத் தடவை நாயுடுவின் பிழைப்பே தொங்குகிறதே என்று வழக்கத்தைவிடப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்தேன்.

"உள்ள போய்த் தூங்கிடாத மாமு," என்றான் தேசப்பன், காசிமேட்டுக்காரன், என் கூட்டாளி.

"எழுப்ப வர்றப்ப டீ வாங்கினு வா," என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

கீற்று இல்லை. தார் டின்னுக்குள் போட்டு மூடியதுபோல இருந்தது. சொல்யூசன் நெடி தலைக்கு ஏறியது. வெளியே ஊற்றும் தண்ணீர் எண்ணூரில் பெய்கிற மழை மாதிரி எங்கேயோ கேட்டது. இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் என்று யோசித்தேன். யோசிப்பதற்கும் காற்று செலவாகுமே என்று நிறுத்தினேன். "தொறடா!" என்று கத்தினேன். நான் ஒட்டிய ரப்பர், குரலைக்கூடக் கசியவிடவில்லை. ஒரு தட்டு என்ற முறையெல்லாம் மறந்து, இரண்டு கையாலும் தகரத்தை அடித்தேன். பிறகு காலால். பிறகு எதனால் என்று எனக்கே தெரியாது.

விடாத தட்டல் கேட்டதும் நாயுடு அங்கேயே குந்திவிட்டாராம். சோதனையைப் பார்க்க வந்திருந்த சூப்பர்வைசர், கிளம்புவதற்குக் குடையை விரித்தாராம். தேசப்பன் பிறகு சொன்னான்.

கதவு திறந்ததும் வெளியே விழுந்தேன். சட்டையைப் பிழியலாம்.

"தண்ணி கொட்டியிருக்குல்லா," என்று செல்வநாயகம் உள்ளே எட்டிப் பார்த்தார். கதவோரம் பவுடர் அப்படியே கிடந்தது. நடுவில்தான் கை, முழங்கால், நெற்றி எல்லாம் பதிந்து, சுற்றிலும் சொட்டுச் சொட்டாக ஈரம். "உள்ள எத்தன பேருலே இருந்திய?"

நாயுடு என் தோளைப் பிடித்தார். "ஒரேய், நெசத்தச் சொல்லுடா. தண்ணி வந்துச்சா இல்லியா?"

ஊரையே கேலி பண்ணித் திரிந்தவன் நான். சொன்னால் ஆயுசுக்கும் என்னை விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் வண்டிகள் போய்விடும்.

"தண்ணி இல்ல நைனா. வேர்வ. பயந்துட்டேன்."

"இம்மாந்தண்டி வேர்வையா? கார்ப்பரேசன் தண்ணிக் கொயாவே தோத்துச்சு!" என்றான் தேசப்பன். பட்டறையே சிரித்தது. செல்வநாயகம் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லுத. நானே உள்ள இருந்து பாக்கேன். நீயும் ஏறுலே."

புதுப் பவுடர் தூவினார்கள். ஏறினோம். மறுபடி அதே இருட்டு.

"சார், காத்து ரெண்டு பேருக்குப் பத்துமா?" என்றேன். சத்தியமாக விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. "ஏசப்பா," என்றது இருட்டு. அப்புறம் அவர் கதவை அடித்த அடி இருக்கிறதே, நான் அடித்ததெல்லாம் வெறும் தாளம். என் பயத்தில் பாதியை அவர் வாங்கிக்கொண்டதுபோல எனக்கு மூச்சு வந்தது.

திறந்தபோது நாயுடுவின் முகத்தில் ரத்தமில்லை. "ஒழுவுதா சார்?"

வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, செல்வநாயகம் தரையைத் திரும்பியும் பார்க்காமல் குதித்தார். "நல்ல ரப்பர்," என்றார். "ரொம்ப நல்ல ரப்பர். வண்டியெல்லாம் இங்கயே கெடக்கட்டும்."

கிடந்தன. அதற்கப்புறம் சோதனைக்கு வந்தாலும் அவர் சாலைக்கு அந்தப் பக்கமே நின்று தலையாட்டிவிட்டுப் போவார்.

சில மழைக்காலம் போனது. கம்பெனி ரொட்டியை மெழுகுத்தாளில் சுற்றி விற்க ஆரம்பித்தது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மணமும் வெளியே வராது. ரப்பர் மாற்ற வண்டி வருவது நின்றது. பிறகு பட்டறை நின்றது. கடைசியாக நான் பார்த்த ரொட்டி வண்டி, பின்கதவைக் கயிற்றால் கட்டி, கொட்டுகிற மழையில் படபடவென்று அடித்துக்கொண்டு திருவொற்றியூர்ப் பக்கம் போனது. உள்ளே நல்ல காற்று, நல்ல வெளிச்சம். அதில் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். யாரும் கூப்பிடவில்லை.