இரண்டாவது ஆள்

ரயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் அப்போது எனக்கு இருந்தது. அக்காவின் கணவர் ரயில்வேயில் உதவி டிரைவர். அல்சூரில் அவர்கள் வீட்டில் தங்கித்தான் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். சாஃப்ட்வேர் வேலை, ஆனால் இன்னும் நிரந்தரமாகவில்லை. திருப்பத்தூரில் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால் பெங்களூரில் இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, அவர் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒரு வேலை வந்தது. ஏதோ ஒரு கிராமப்பக்கத்துத் தனியார் ரயில் பாதை. ஒற்றைத் தண்டவாளம், ஒரே ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் வயல். பாதி ஸ்டேஷன்களில் ஆளே கிடையாது. அவர்களுடைய டிரைவர்களுக்கு டியூட்டி சார்ட் போட்டுத்தரும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதில் ஆள் கணக்கை முடிவு செய்யும் பகுதி என் பொறுப்பு.

வேலை எப்படி நடக்கிறது என்று காட்ட அவர்கள் ஒரு சி.டி. அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் சிக்னலை நோக்கி விரலை நீட்டி உரக்க ஏதோ சொல்கிறார். கடிகாரத்தை நோக்கி நீட்டிச் சொல்கிறார். ஈ காக்கை இல்லாத பிளாட்பாரத்தைப் பார்த்தும் சொல்கிறார். யாரிடம் பேசுகிறார்? டீமே கூடி மூன்று முறை போட்டுப் பார்த்தோம். வேண்டுதல் என்றான் ஒருவன். காதில் ஃபோன் இருக்கும் என்றாள் இன்னொருத்தி. எனக்கும் தலை சுற்றியது.

அன்று மாலை மாமாவிடம் கேட்டேன். காபியைக்கூட கீழே வைக்காமல் சிரித்தார்.

"இது கூடவா தெரியாது? சிக்னலைப் பார்த்ததும் நான் சத்தமா சொல்லுவேன், டிரைவர் அதையே திருப்பிச் சொல்லுவாரு. ரெண்டு பேர் இல்லாம வண்டி எப்படிம்மா ஓடும்? பக்கத்துல ஆள் இருப்பாரு, கேமராவுல விழலை, அவ்ளோதான்."

அதுதானே! மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினேன்: வண்டிக்கு இரண்டு ஆட்கள். நான் சொன்ன தோரணையில் ஜப்பானுக்கு எழுதிக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

புரோகிராமை அனுப்பினோம். அவர்களிடம் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய டிரைவர்கள். ஆள் போதாது, மதியத்துக்கு மேல் ரயில் ஓட முடியாது என்று அது சிவப்பு எழுத்தில் அடித்துச் சொல்லிவிட்டது. பதில் மிகப் பணிவாக வந்தது: 'எங்கள் ரயில் மதியத்துக்கு மேலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.' வண்டிக்கு ஒரே ஆள், அவர் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம் என்று விளக்கமும் இருந்தது. நேரில் பார்க்க ஒருவர் வருகிறார் என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் டீம் லீடர் கன்னடக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று என்னை வறுத்தெடுத்துவிட்டார்.

"ரெண்டு பேர்னு யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"உன் கன்ஃபர்மேஷன் என் டேபிள்ல இருக்கு. தெரியுமில்ல?"

இரண்டு நாள் முட்டிமோதி ஒரே ஆளோடு வண்டி ஓடும்படி மாற்றினேன். ஆனால் அச்சாகும் சார்ட்டில் இரண்டாவது ஆளுக்கான கட்டத்தை எடுக்கப்போனால் மற்றதெல்லாம் குலைந்தது. அதை வெறுமையாக அப்படியே விட்டேன். வருபவரிடம் தவறை ஒப்புக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தேன். எனக்கு வாய்த்துடுக்கு உண்டு, பொய் வராது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். மொழிபெயர்க்க ஒரு பெண் கூட வந்திருந்தாள். அவர் சார்ட்டைக் கையில் எடுத்தார். வெறுமையாக இருந்த கட்டத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"இது யாருக்குன்னு கேக்கறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அந்தப் பெண்.

நான் வாயைத் திறந்தேன். லீடர் மெதுவாக, "நீ சும்னே இரு, நான் பேசிக்கறேன்" என்றார். பிறகு ஆங்கிலத்தில், அது வேண்டுமென்றே விட்ட இடம், அந்த ரயிலில் முன்பு இரண்டாவது ஆளாக வேலை செய்தவர்களை மனதில் வைத்து இந்தப் பெண்தான் அப்படிச் செய்தாள் என்று என்னைக் கைகாட்டினார். எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்து விழுந்ததோ!

அதைக் கேட்டதும் அவர் அந்தக் கட்டத்தை விரலால் மெல்லத் தடவினார். பிறகு பேசியதை அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் அந்த ஒற்றைப் பெட்டியில் கண்டக்டராக இருந்தவர். ஒரு ஆள் போதும் என்று அவரை இறக்கி ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்கள். அதன்பின் எந்தக் காகிதத்திலும் அவருக்கு இடமில்லை. எங்கோ தொலைதூரத்தில் ஒருவர் அதை நினைத்தது பெரிய விஷயம் என்றாராம்.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். லீடர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரும் அப்பாவும் அந்த மாப்பிள்ளையும் கண்முன் வந்தார்கள். சொன்னால் எனக்கு மட்டுமா நஷ்டம், இவருக்கும் அல்லவா வலிக்கும் என்று ஒரு பக்கம் தோன்றியது. அது இரக்கமா, என் பயம் போட்டுக்கொண்ட வேஷமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. "தேங்க் யூ" என்றேன்.

அவர் எழுந்து நின்று, இடுப்பு வளைய என்னை வணங்கினார். லீடர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார், வேலை நிரந்தரமாகிவிட்டது. நானும் குனிந்தேன். அவர் நிமிர்ந்த பிறகும் குனிந்தே நின்றேன். எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.